வசதி வந்தபின் வீட்டில் சலிப்பு தட்டினால்: ஆள் தப்பு என்று முடிவு கட்டும் முன் செய்ய வேண்டியவை

கடன் எல்லாம் அடைத்தாயிற்று. வீடு சொந்தம். பிள்ளைகள் இருந்தால் அவர்களும் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அவசரச் செலவு வந்தால் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. இப்படி ஒரு காலம் வரும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள். இப்போது அந்தக் காலமும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆளுக்கொரு நாற்காலியில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், எதிரே இருப்பவரைப் பார்த்தால் கோபம்கூட வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று ஒரு கேள்வி மட்டும் வருகிறது. அதன் பின்னாலேயே சத்தமில்லாமல் இன்னொன்று: "ஆள் தப்பாகிவிட்டதோ?"

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடும் முன் செய்ய வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன, அவற்றைத்தான் எழுதுகிறேன். நான் மனநல நிபுணர் இல்லை. இதே நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்து, தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவித்து, ஒருமுறை பெட்டி கட்டுகிற அளவுக்குப் போய்த் திரும்பி வந்த ஆள். எனக்குப் புரிந்தது இதுதான்: வசதியான வீட்டில் வரும் சலிப்பில் பெரும்பகுதிக்கு எதிரே இருப்பவர் காரணமே இல்லை. ஒருவருக்கு ஒருவர் தேவைப்படாதபடி வீட்டை நாமே காசு கொடுத்து மாற்றி வைத்துவிட்டு, அப்புறம் நெருக்கத்தைக் காணோமே என்று தேடுகிறோம்.

யாருடைய சலிப்பு அது?

ஒரு சின்ன நோட்டு எடுங்கள். போனில் குறிப்பது வேண்டாம், போனை எடுத்தால் வேறெங்காவது போய்விடுவீர்கள். இரண்டு வாரத்துக்கு, சலிப்பு தட்டும்போதெல்லாம் நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள்: மணி என்ன, பக்கத்தில் யார், அரை மணி முன்பு என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இப்போது கை எதைத் தேடுகிறது. காரணம் எழுதாதீர்கள். காரணம் எழுத ஆரம்பித்தால் துணையின் பெயர்தான் வரும், ஏனென்றால் கண்ணெதிரே இருப்பது அவர்தான்.

நான் எழுதியதை இரண்டு வாரம் கழித்துப் படித்தபோது வெட்கமாக இருந்தது. பாதிக்கு மேல் வேலையில்லாத நாட்களில், மாலை நான்கிலிருந்து ஏழுக்குள். அதிலும் பல தடவை என் துணை வீட்டிலேயே இல்லை. வீட்டில் இல்லாத ஆள் எனக்கு எப்படிப் போரடித்திருக்க முடியும்?

சும்மா இருப்பது மனிதர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதை அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து உளவியலாளர் டிமதி வில்சனும் அவர் குழுவும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று காட்டியது. ஆட்களை ஒன்றுமில்லாத அறையில் 15 நிமிடம் தனியாக உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை முன்பே ஒருமுறை வாங்கிப் பார்த்து, காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன் என்று சொன்னவர்கள்தான் உள்ளே இருந்தார்கள். இருந்தும் ஆண்கள் 18 பேரில் 12 பேரும், பெண்கள் 24 பேரில் 6 பேரும் தங்களுக்குத் தாங்களே ஷாக் கொடுத்துக்கொண்டார்கள். வீட்டில் சில நாள் காரணமே இல்லாமல் வாயைக் கொடுத்து வம்பை இழுக்கிறோமே, அதுவும் அந்தப் பொத்தான்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வலித்தாலும் பரவாயில்லை, ஏதாவது நடந்தால் சரி.

நோட்டை வைத்து இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். சலிப்பு வேறு, கசப்பு வேறு, பயம் வேறு. துணை வீட்டுக்குள் வரும் சத்தம் கேட்டதும் வயிறு இறுகினால் அது சலிப்பு இல்லை. அவர் கை நீட்டுகிறார், அவமானப்படுத்துகிறார், ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டு அடக்குகிறார் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது இல்லை. உங்களுக்கு வேண்டியது பாதுகாப்பும் நம்பகமான உதவியும். அதேபோல, உறவு மட்டும் இல்லாமல் பிடித்த வேலை, பிடித்த பாட்டு, நண்பர்கள் என்று எதிலுமே இரண்டு வாரத்துக்கு மேல் ஆசை இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கீழே எழுதுவதெல்லாம் சிலருக்குக் கெடுதலாகவே போய்விடும்.

காசு என்ன செய்கிறது

"காசு வந்தால் நிம்மதி போய்விடும்" என்று காசு உள்ளவர்கள் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். காசு நிம்மதி தரத்தான் செய்கிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் அமெரிக்கர்களின் தரவை வைத்து, ஆண்டு வருமானம் ஏறத்தாழ 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி மேற்கொண்டு ஏறுவதில்லை என்றார்கள். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் 2021-இல் அதை மறுத்து, ஏறிக்கொண்டேதான் போகிறது என்றார். 2023-இல் கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும், நடுவராக இருந்த பார்பரா மெல்லர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்த விடை சுவாரசியமானது: பெரும்பாலானவர்களுக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது, ஆனால் ஏற்கெனவே மிகவும் துயரத்தில் இருக்கும் சுமார் 20 சதவீதம் பேருக்கு 1 லட்சம் டாலர் வாக்கில் அது நின்றுவிடுகிறது. அதாவது காசு தீர்க்கக்கூடிய துன்பங்கள் எல்லாம் தீர்ந்தபின் மிச்சமிருப்பது காசால் தொட முடியாத துன்பம். உங்கள் சலிப்பு இந்த மிச்சத்தைச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. இன்னும் பெரிய வீடு, இன்னும் நல்ல கார் என்று மனம் போனால் அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு இரண்டு வழியில் உறவுக்குள் புகுந்து குழப்புகிறது. ஒன்று, பழக்கம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், அதேதான். 1978-இல் பிலிப் பிரிக்மனும் சகாக்களும் பெரிய லாட்டரி பரிசு விழுந்த 22 பேரைப் பேட்டி கண்டார்கள். பரிசு விழாதவர்களைவிட அவர்கள் பெரிதாக ஒன்றும் மகிழ்ச்சியாக இல்லை என்ற பகுதியை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு உறைத்தது இன்னொரு பகுதி. நண்பரோடு பேசுவது, ஒரு நகைச்சுவை கேட்டுச் சிரிப்பது, யாராவது பாராட்டுவது போன்ற சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் இன்பம் பரிசு விழுந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது. அந்தப் பட்டியலைத் திரும்பப் படியுங்கள். பேச்சு, சிரிப்பு, பாராட்டு. இருவர் சேர்ந்து வாழும் வாழ்க்கையில் பாதி இதுதானே? ஒரு பெரிய உச்சியைத் தொட்டுவிட்டால் இவையெல்லாம் தரைமட்டமாகத் தெரிகின்றன.

இரண்டாவது வழியைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. கையில் காசு இல்லாத காலத்தில் நீங்கள் இருவரும் ஒரு சின்னக் கம்பெனி மாதிரி இருந்தீர்கள். குழாய் ஒழுகினால் ஒருவர் டார்ச் பிடிக்க ஒருவர் திருகினீர்கள், மாதக் கடைசியில் எதைத் தள்ளிப்போடலாம் என்று சேர்ந்து கணக்குப் போட்டீர்கள், காய்ச்சல் வந்தால் மற்றவர் லீவு போட்டார். அப்போது அது கஷ்டமாகத்தான் இருந்தது, அதை இப்போது இனிமையாக்கிக் காட்ட எனக்கு ஆசையில்லை. ஆனால் அந்த வேலைகளுக்கு இடையில்தான் பேசினீர்கள். இப்போது குழாய்க்கு ஆள், சமையலுக்கு ஆள், வண்டிக்கு ஆள், கணக்குக்கு ஆள். கஷ்டத்தை வெளியே அனுப்பும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருந்த பேச்சும் வெளியே போய்விட்டது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை.

ஒரே ஒரு வேலையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்

உடனே வீட்டு வேலைக்கு உதவியாக இருப்பவர்களை நிறுத்திவிடாதீர்கள், அது அவர்கள் பிழைப்பு. காசு கொடுத்து நேரத்தை வாங்குவதும் தப்பு இல்லை. ஆஷ்லி வில்லன்ஸ் குழுவின் 2017 ஆய்வில் 60 பேருக்கு ஒரு வாரம் 40 டாலர் கொடுத்துப் பொருள் வாங்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் அதே தொகையைக் கொடுத்து நேரம் மிச்சமாகும் எதற்காவது செலவழிக்கச் சொன்னார்கள். நேரம் வாங்கிய நாளில்தான் அவர்கள் மனநிலை மேலாக இருந்தது. சிக்கல் எங்கே என்றால், மிச்சமான அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று நம்மைக் கேட்டால் பதில் இருக்காது. போனுக்குள் போயிருக்கும்.

அதனால் ஒன்றே ஒன்று. இரண்டு பேர் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேர் செய்தால் சீக்கிரம் முடியும். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வரும். முடிந்ததும் முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியும். அப்படி ஒரு வேலை. நாங்கள் எடுத்தது ராத்திரிப் பாத்திரம். ஒருவர் கழுவ, ஒருவர் துடைத்து அடுக்க. இருபது நிமிடம். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கை வேலையாக இருக்கிறது. முகத்துக்கு நேரே உட்கார்ந்து "சொல்லு, என்ன பிரச்சினை?" என்று கேட்டால் வராத பேச்சு இப்படி நிற்கும்போது தானாக வருகிறது. முதல் ஒரு வாரம் ஒன்றும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, அலுவலகத்தில் தன்னை ஒருவர் ஓரங்கட்டுவதைப் பற்றி அவர் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து மாதமாக நடந்துகொண்டிருந்த விஷயம். எனக்குத் தெரியாது.

இதில் விதி இரண்டுதான். அவர் செய்யும் முறையைத் திருத்தக் கூடாது. பின்னால் வீடியோ ஓடக் கூடாது. முதல் விதி இரண்டாவதைவிடக் கடினம், குறிப்பாக வேலையிடத்தில் பத்துப் பேருக்கு உத்தரவு போட்டுப் பழகியவர்களுக்கு.

கூடவே, உதவி கேட்டுப் பழகுங்கள். பணம் சம்பாதித்து ஒரு நிலைக்கு வந்தவர்கள் பலர் எதையும் கேட்பதில்லை, வாங்கிவிடுகிறார்கள். "இந்தக் கடிதத்தை ஒரு தடவை படித்துப் பார்க்கிறாயா, எனக்குச் சரியாக வரவில்லை" என்று கேட்பதற்கு ஐந்து நொடி ஆகும். நீ எனக்குத் தேவை என்று வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பத்து வாரம், வாரம் ஒன்றரை மணி

இதுதான் நடுநாயகமான வேலை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆர்தர் ஆரனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் 53 தம்பதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் வாரம் ஒன்றரை மணி நேரம், பத்து வாரத்துக்கு, தங்களுக்கே பரபரப்பாக இருக்கும் என்று அவர்கள் நினைத்த ஒன்றைச் சேர்ந்து செய்ய வேண்டும். இன்னொரு பகுதியினர் அதே அளவு நேரம் இதமான, வழக்கமான ஒன்றைச் செய்ய வேண்டும். மூன்றாவது பகுதியினருக்கு ஒன்றும் இல்லை. பத்து வாரம் கழித்து, பரபரப்பான கூட்டத்தின் மணவாழ்க்கைத் திருப்தி இதமான கூட்டத்தைவிட அதிகம் கூடியிருந்தது. சேர்ந்து நேரம் செலவழித்தால் போதும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அது போதாது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதில்தான் விஷயம்.

வசதியுள்ளவர்கள் இதைப் படித்ததும் செய்யும் முதல் தப்பு, விடுமுறைக்குப் பதிவு செய்வது. நானும் செய்தேன். விலை கூடிய அறையில் அதே இரண்டு பேர் அதே இரண்டு போன்களோடு உட்கார்ந்திருந்தோம், ஜன்னலுக்கு வெளியே மட்டும் கடல். எல்லாம் ஏற்பாடாகி, எல்லாம் யாரோ பார்த்துக்கொள்ளும் இடத்தில் இரண்டு பேருக்கும் செய்ய என்ன இருக்கிறது? வழி தவறினால்தான் சேர்ந்து வழி கண்டுபிடிக்க முடியும்.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? இருவருக்குமே தெரியாததாக இருக்கட்டும். ஒருவருக்கு ஏற்கெனவே கைவந்த கலை என்றால் அவர் வாத்தியார் ஆகிவிடுவார், மற்றவர் மாணவர், வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மேல் கீழ் இங்கேயும் வந்துவிடும். தோற்க இடம் இருக்கட்டும், சிரிப்புக்கு இடமானால் இன்னும் நல்லது. உடம்பு கொஞ்சம் அசைவது உதவும். காசு ஒரு பொருட்டாக இருக்கக் கூடாது; நல்ல உபகரணம் வாங்கினால் நன்றாக வந்துவிடும் என்கிற மாதிரி எதையும் எடுக்காதீர்கள், முதல் இரண்டு வாரம் உபகரணம் வாங்குவதிலேயே போய்விடும். புது மொழி, நடனம், சேர்ந்து ஒரு மேசை செய்வது, இரவு வானத்தில் நட்சத்திரக் கூட்டங்களை அடையாளம் காண்பது, குழுப் பாட்டு, எதுவாகவும் இருக்கலாம். யார் தேர்ந்தெடுப்பது என்று சண்டை வந்தால் ஆளுக்கு மூன்று எழுதி, இரண்டு பேருக்கும் கொஞ்சம் பயம் தருவதை எடுங்கள்.

நாங்கள் எடுத்தது நீச்சல். இருவருக்கும் நாற்பத்தைந்து தாண்டியாயிற்று, இருவருக்கும் தண்ணீர் என்றால் பயம். மல்லாக்க மிதக்கக் கற்றுக்கொள்ளும்போது ஒருவர் மற்றவரின் முதுகுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். "எடுக்காதே, எடுக்காதே" என்று நான் கத்தியதை அவர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தபின் அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு பயமும், அந்தப் பயத்தை மறைக்க அவர் செய்யும் ஒரு கோணலான சிரிப்பும் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. இந்த ஆளை முழுக்கத் தெரியும் என்று நினைத்துத்தானே எனக்குப் போரடித்தது?

நாள், மணி இரண்டையும் முன்பே குறித்துவிடுங்கள். தோன்றும்போது செய்யலாம் என்றால் தோன்றாது. போட்டோ எடுத்துப் போடாதீர்கள். நான்காவது வாரம் ஒருவர் நழுவப் பார்ப்பார், அது எல்லோருக்கும் நடப்பது, சண்டையாக்காமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

"இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, சலிப்பு எல்லோர் வீட்டிலும் உள்ளதுதானே, தானாகப் போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். 2009-இல் வெளியான இன்னொரு ஆய்வு 123 தம்பதிகளைத் தொடர்ந்து பார்த்தது. மணமான ஏழாவது ஆண்டில் வாழ்க்கை ஒரே தடத்தில் ஓடுகிறது என்று சொன்னவர்கள் ஒன்பது வருடம் கழித்து, பதினாறாவது ஆண்டில், மற்றவர்களைவிடத் திருப்தி குறைந்திருந்தார்கள். சண்டை இல்லாத வீடு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே இது நடக்கிறது.

கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்

நினைத்ததும் கிடைக்கிற வீட்டில் ஆசைப்படவே நேரம் இருப்பதில்லை. ஜோர்டி குவாட்பாக், எலிசபெத் டன் இருவரும் 2013-இல் ஒரு சோதனை செய்தார்கள்: சிலரை ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடவே கூடாது என்றார்கள், சிலருக்கு வேண்டிய மட்டும் சாப்பிடச் சாக்லேட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து இரு தரப்பினருக்கும் ஒரே சாக்லேட்டைக் கொடுத்தபோது, தொடாமல் இருந்தவர்கள்தான் அதிகம் ரசித்தார்கள். சாக்லேட்டை விடுங்கள், இதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டு வருவது?

துணை ஒன்றை ஆசையாகப் பார்த்தார் என்றால் அன்று மாலையே வாங்கி வந்து நிற்காதீர்கள். வாங்கித் தரவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு மாதம் போகட்டும், அதைப் பற்றி இரண்டு தடவை பேசுங்கள், அவரே தேடிப் பார்க்கட்டும். இருவருக்கும் பிடித்த ஒரு சுகத்தை, தினம் நடப்பதை, வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். அப்புறம், எல்லா நேரமும் சேர்ந்தே இருக்காதீர்கள். ஓய்வு பெற்றவர்களும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் இல்லாத ஓர் இடத்துக்கு, உங்களுக்குத் தெரியாத ஆட்களிடம் அவர் போய்விட்டு வந்தால்தான் சாயங்காலம் கொண்டு வர ஒரு செய்தி இருக்கும். போய் வந்ததும் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள், அவராகச் சொல்லட்டும்.

பேசும் விதம்

"உன்னோடு எனக்குப் போரடிக்கிறது" என்ற வாக்கியத்தை உங்கள் நாக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைக் கேட்டவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார், அதோடு பெரும்பாலும் அது உண்மையும் இல்லை. "கொஞ்ச நாளாக எனக்கு எதிலும் பிடிப்பில்லை, உன்மேல் குற்றம் சொல்லவில்லை, சேர்ந்து ஏதாவது செய்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். இரவு படுக்கையில் வேண்டாம், அவர் களைத்து வந்த நிமிடத்திலும் வேண்டாம். நடக்கும்போது கேட்பது நல்லது. பதிலுக்கு அவர் "எனக்கும்தான்" என்று சொன்னால் வலிக்கும். வலிக்கட்டும். நீங்களும் யாருக்கோ போரடிக்கும் ஆள்தான் என்று தெரிந்துகொள்வதில் ஒரு விடுதலை இருக்கிறது.

ஆனால் பெரிய பேச்சைவிடச் சின்னப் பேச்சுக்குத்தான் எடை அதிகம். ஜன்னல் பக்கம் நின்று "இங்கே பாரேன், என்ன பறவை இது" என்கிறார். உங்கள் கண் போனில் இருக்கிறது. "ம்" என்கிறீர்கள். அவர் பறவையைப் பற்றிக் கேட்கவில்லை, நீ இருக்கிறாயா என்று கேட்டார். தம்பதியர் உறவை ஆராயும் உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதிகளைப் பார்த்து ஆறு வருடம் தொடர்ந்ததில், சேர்ந்தே இருந்தவர்கள் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பிப் பார்த்தவர்கள், பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். அங்கேயும் நூற்றுக்கு நூறு இல்லை என்பதைக் கவனியுங்கள், அந்த அளவுக்குக் கிடைத்தாலே போதும். ஒரு நாள் மட்டும் எண்ணிப் பாருங்கள், எத்தனை தடவை கூப்பிட்டார், எத்தனைக்குத் தலையைத் தூக்கினீர்கள்.

நல்ல செய்தி வரும்போதும் அப்படித்தான். உளவியலாளர் ஷெல்லி கேபிள் 2004-இல் காட்டியது என்னவென்றால், துணை சந்தோஷமாக ஒன்றைச் சொல்லும்போது நாம் காட்டும் ஆர்வத்துக்கும் உறவின் நலத்துக்கும் தொடர்பு இருக்கிறது. வசதியான வீட்டில் இது சீக்கிரம் தேய்கிறது, ஏனென்றால் பெரிய தொகைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவருடைய சின்ன வெற்றி வெற்றியாகவே தெரிவதில்லை. அவர் ஒரு வேலையை முடித்துச் சின்னத் தொகை சம்பாதித்து வந்து சொல்கிறார், நீங்கள் மனதுக்குள் அதை உங்கள் வருமானத்தோடு வகுத்துப் பார்க்கிறீர்கள். வகுக்காதீர்கள். எப்படி நடந்தது, முதலில் யார் கூப்பிட்டார்கள், அப்போது என்ன சொன்னாய் என்று கேளுங்கள்.

காசைப் பற்றிய கணக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒருவர்தான் சம்பாதிக்கிறார் என்றாலும், மற்றவர் கையில் கேள்வி கேட்கப்படாத ஒரு தொகை இருக்க வேண்டும். இன்ன தொகைக்கு மேல் இருவரும் சேர்ந்துதான் முடிவெடுப்பது என்று ஓர் எல்லை போடுங்கள், அது சம்பாதிப்பவருக்கும் பொருந்தும். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடத்தில் பரிசு வாங்கித் தராதீர்கள். பரிசைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அந்தச் சண்டைதான் ஞாபகம் வரும். இன்னும் துணை தேடிக்கொண்டிருப்பவர் என்றால், உங்கள் வசதியை முதல் சந்திப்பிலேயே கடை விரிக்கவும் வேண்டாம், மாதக்கணக்கில் ஒளித்து வைத்து ஆளைச் சோதிக்கவும் வேண்டாம். சோதிக்கப்பட்டது தெரிய வரும் நாளில் எந்த நல்ல மனிதருக்கும் மனம் விட்டுப்போகும்.

மூன்றாவது ஆள்

கையில் காசும் நேரமும் இருந்து, வீட்டில் சலிப்பும் இருந்தால் இது ஒரு நாள் கதவைத் தட்டத்தான் செய்யும். புதிதாக ஒருவர், உங்கள் பேச்சைக் கண் இமைக்காமல் கேட்கிறார். உங்கள் பழைய கதைகள் எல்லாம் அவருக்குப் புதுசு. முதல் வேலையில் பட்ட பாடு, ஒரு ராத்திரி முழுக்க நடந்தே வந்தது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, உங்களுக்கே உங்களைப் பிடித்துப்போகிறது. ஆரன் இதைத்தான் சுயவிரிவு என்கிறார்: உறவின் தொடக்கத்தில் மற்றவர் வழியாக நாம் வேகமாகப் பெரிதாகிறோம், அந்த வேகம் இனிக்கிறது, அப்புறம் குறைகிறது. புது ஆளோடும் குறையும். அங்கேயும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி உண்டு.

இந்த இடத்தில் இருப்பவர்களுக்கு நல்லொழுக்கப் பாடம் எடுத்துப் பயனில்லை. நோட்டில் ஒரு பக்கத்தில் இதை மட்டும் எழுதிப் பாருங்கள்: அந்த ஆளோடு இருக்கும்போது நான் எப்படி இருக்கிறேன்? நன்றாக உடுத்துகிறேன், கேள்வி கேட்கிறேன், போனைப் பையில் போட்டுவிடுகிறேன், எதிராளி சொன்னதை அடுத்த முறை ஞாபகம் வைத்துக் கேட்கிறேன். எழுதியதில் எத்தனையை வீட்டில் கடைசியாக எப்போது செய்தீர்கள்? அங்கே செலவழிக்கும் அந்த உழைப்பில் பாதியைப் பத்து வாரம் வீட்டில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். அதுவரை அங்கே போவதை நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தினால் எதன் கணக்கும் சரியாக வராது, ஒரு பக்கம் பொய் சொல்லிக்கொண்டே நெருக்கத்தை அளந்து பார்க்கவும் முடியாது.

பத்து வாரம் முடிந்தபின்

நோட்டை மறுபடி எடுத்து இரண்டு வாரம் எழுதுங்கள், பழைய அதே நான்கு விஷயங்கள். பழைய பக்கங்களோடு வைத்துப் பாருங்கள். முடிந்தால் துணையும் தனியாக ஒன்று எழுதட்டும், அதை நீங்கள் படிக்காதீர்கள். பலருக்குச் சலிப்பு முழுக்கப் போயிருக்காது, இடம் மாறியிருக்கும். துணைமேல் இருந்தது வேலைமேலோ, ஊர்மேலோ, தன்மேலோ போய் உட்கார்ந்திருக்கும். அது நல்ல செய்தி, இனி அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். சிலருக்கு ஒன்றும் மாறியிருக்காது. சேர்ந்து மிதந்தோம், சேர்ந்து பாத்திரம் கழுவினோம், நன்றாகத்தான் பேசினோம், இருந்தும் இந்த ஆளோடு இன்னும் இருபது வருடம் என்று நினைத்தால் மூச்சு முட்டுகிறது என்றால், அதையும் நம்புங்கள். இருவரும் சேர்ந்து ஒரு தம்பதியர் ஆலோசகரைப் பாருங்கள், அதற்கும் பிறகு பிரிவது என்று முடிவானால் யாரையும் வில்லனாக்காமல் பிரிய முடியும். ஆனால் போகும்போது அந்த முதல் இரண்டு வாரப் பக்கங்களைக் கூடவே எடுத்துப் போங்கள். அதில் பக்கத்தில் யாருமே இல்லாதபோது எழுதிய வரிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், அவ்வளவும் புது வீட்டுக்கும் வரும்.

எங்கள் வீட்டில் நான்கு மணி இன்னும் வருகிறது. வந்தால் இருவரில் ஒருவர் "ஷாக் பொத்தான் எங்கே?" என்று கேட்போம், மற்றவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொள்வார், ஒரு சுற்று நடந்துவிட்டு வருவோம். பாதி நாள் வழியில் ஒன்றும் பேசுவதில்லை.